பணிகளுக்கிடையே இறைவனோடு உறவு

(ஆலய ஆண்டுத் திருவிழாவின்போது நிகழ்த்தப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கொடியேற்றம் தொடங்கித் தேர்த்திருவிழா வரையில் ஆலய வளாகம் மக்களால் நிறைந்திருக்கிறது. நாதசுரமும் தவிலும் ஓயாது ஒலிக்கின்றன. அன்னதானக் கூடத்தில் பந்திக்கு மேல் பந்தி நடைபெறுகிறது. ஆயின் கொடி இறங்கிய மறுநாள் பந்தல் பிரிக்கப்படுகிறது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் லாரியில் ஏறுகின்றன. அன்பர்கள் தத்தம் வேலைக்குத் திரும்புகின்றனர். அந்த மறுநாளில் இறைவனுக்கும் அடியவருக்கும் இடையே எஞ்சி நிற்பது யாது? இந்த வினாவே இச்சொற்பொழிவின் பொருளாகும்.

"நேரமில்லை" என்னும் சொல்

இறைவழிபாட்டைப் பற்றிப் பேச்செழும்போது பலரிடமிருந்தும் வரும் மறுமொழி, "நேரமில்லை" என்பதாகும். இதனைச் சோம்பேறிகளின் சாக்கு என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்வோர் பொழுது விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுக் கடற்பாலத்தில் வரிசையில் நிற்கின்றனர். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் பெண், வீட்டை அடைந்ததும் உறங்கச் செல்வதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியுமுன் மற்றொரு கோப்பு மேசைக்கு வருகிறது. அலுவலகம் மூடிய பின்னும் கைத்தொலைபேசி மூடுவதில்லை. வீட்டுக் கடன், கார்க் கடன், பிள்ளைகளின் டியூஷன் கட்டணம், முதிய பெற்றோரின் மருத்துவச் செலவு என்று சுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. உழைக்கும் மக்கள் "நேரமில்லை" என்று கூறும்போது அவர்கள் பொய் கூறவில்லை.

ஆயினும் இச்சொல்லுக்குப் பின்னால் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. கடன் தீர்ந்தபின், பிள்ளைகள் தலையெடுத்தபின், பணி ஓய்வு பெற்றபின் இறைவனை நிதானமாக நினைத்துக்கொள்ளலாம் என்பதே அது. வாழ்க்கை வேறு, வழிபாடு வேறு; முன்னது முடிந்தபின் பின்னது தொடங்கும் என்று கருதுவதால் நேரும் பிழை இது. தள்ளிப்போடப்பட்ட உறவு எதுவும் தானே வளர்ந்து நிற்பதில்லை. 20 ஆண்டுகள் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர் திடீரென ஒருநாள் சந்தித்தால், ஒருவரோடொருவர் பேசச் சொல் கிடைக்காமல் தவிப்பதைக் காண்கிறோம். இறைவனிடத்தும் மனித மனம் அவ்வாறே தயங்கி நிற்கும்.

வேண்டுதலும் உறவும்

ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். அவர் இந்நாட்டின் எந்த ஊரிலும் இருக்கக்கூடியவர். கணவரை இழந்தவர், தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர், அவருக்கு ஒரே மகன். மகன் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல முறையில் தேறி நன்னிலை அடைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, 48 நாள் விரதமிருந்து, தைப்பூசத்தன்று பால்குடம் சுமந்தார். தேர்வு முடிவு வந்தது; எதிர்பார்த்த பலன் இல்லை. மகனோ தகாத நட்பில் விழுந்து, ஒருநாள் தாயோடு சண்டையிட்டு வீட்டை விட்டே வெளியேறினான். அன்று அந்தத் தாய் சாமி மேடையில் விளக்கேற்றுவதை நிறுத்தினார். "கேட்டதைக் கொடுக்காத சாமிக்கு விளக்கு எதற்கு?" என்பது அவர் கேள்வி.

அவரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. இரவெல்லாம் இயந்திரத்தின் முன் நின்ற கால்களோடு பால்குடம் சுமந்தவர் அவர். அவருடைய பக்தி பொய்யன்று. அவருடைய வேதனையும் பொய்யன்று. ஆயின் அவர் அறியாமலே அவருடைய பக்தி ஓர் ஒப்பந்தத்தின் வடிவைப் பெற்றுவிட்டது. இவ்வளவு விரதம், இவ்வளவு பால். அதற்கு ஈடாக இன்ன பலன் என்று கணக்கு அமைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பார் தவறினால் மறுதரப்பார் விலகிவிடுவர். கடைக்காரர் பொருள் தரவில்லையெனில் வாடிக்கையாளர் வேறு கடையை நாடுவார்.

உறவின் இயல்பு இதனினும் வேறானது. கேட்டதைத் தாய் தரவில்லையெனில் குழந்தை அழும், கோபிக்கும், உண்ண மறுக்கும். ஆனால் வேறு தாயைத் தேடிச் செல்லாது. அழுத குழந்தை அந்தத் தாயின் மடியிலேயே உறங்கும். இறைவனோடு மனிதனுக்கு உள்ளது ஒப்பந்தமா, உறவா என்பது வேண்டுதல் நிறைவேறும் நாளில் விளங்காது. நிறைவேறாத நாளில்தான் விளங்கும்.

அமைச்சர் எழுதிய அடியார் வரலாறு

இதனை ஆராய்வதற்குத் துணை புரியும் தமிழ் நூல்களுள் தலையாயது பெரியபுராணம். இதனை இயற்றிய சேக்கிழார் உலகைத் துறந்து காட்டில் வாழ்ந்த முனிவர் அல்லர். குன்றத்தூரில் பிறந்து, 12ஆம் நூற்றாண்டில் அநபாயன் எனப் பெயர்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராக விளங்கியவர். உத்தம சோழப் பல்லவன் என்னும் பட்டம் பெற்றவர். அரசாங்கப் பணியின் சுமை எத்தகையது என்பதை நன்கறிந்த ஒருவரே அடியார்களின் வரலாற்றைப் பாடினார் என்பது சிந்திக்கத் தக்கது.

அவர் பாடிய தனியடியார் 63 பேர். தொகையடியார் 9 திறத்தார். அவர்களுள் குயவர் உண்டு. துணி வெளுப்பவர் உண்டு. செக்கு ஆட்டியவர் உண்டு. நெசவாளர், வணிகர், உழவர், மீனவர், படைத்தலைவர், அரசர் எனப் பலரும் உண்டு. அவர்களிற் பலர் தத்தம் தொழிலை விட்டபின் அடியாரானவர் அல்லர். தொழிலுக்குள்ளேயே இறைவனோடு உறவு கொண்டவர்கள்.

அவ்வுறவும் ஒரே வகையினதன்று. சைவ சித்தாந்தம் நான்கு நெறிகளைக் கூறுகிறது. ஆண்டானுக்கு அடிமையாக நிற்பது தாசமார்க்கம். இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர் திருநாவுக்கரசர். தந்தைக்கு மகனாக நிற்பது சற்புத்திரமார்க்கம். இது சீர்காழியில் 3 வயதுக் குழந்தையாக இருந்து அழுது அருள் பெற்ற திருஞானசம்பந்தரின் நெறி. தோழனாக நிற்பது சகமார்க்கம். இது தம்பிரான் தோழர் எனப்பெற்ற சுந்தரரின் நெறி. ஞானத்தால் ஒன்றி நிற்பது சன்மார்க்கம். இது மாணிக்கவாசகரின் நெறி. மாணிக்கவாசகரும் பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்தவரே. இறைவனோடு பழகுவதற்கு ஒரே வாயில்தான் உண்டு என்று சைவம் கூறவில்லை. அவரவர் இயல்புக்கேற்ற வாயில் திறந்தே இருக்கிறது.

திலகவதியாரின் துடைப்பம்

விளக்கேற்றுவதை நிறுத்திய தாய்க்கு மிக நெருக்கமானவர், பெரியபுராணத்தில் வரும் திலகவதியார். திருநாவுக்கரசரின் தமக்கை இவர். திருவாமூரில் புகழனார், மாதினியார் என்னும் பெற்றோருக்குப் பிறந்தவர். கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு இவரை மணம் பேசியிருந்தனர். திருமணம் நிகழுமுன்னரே தந்தையார் மறைந்தார். தாயாரும் உடன் மறைந்தார். போருக்குச் சென்ற கலிப்பகையாரும் போர்க்களத்தில் உயிர் நீத்தார். ஓர் இளம்பெண்ணின் தலைமேல் அடுத்தடுத்து விழுந்த இடிகள் இவை. தாமும் உயிர் துறக்கத் துணிந்த திலகவதியாரின் காலில் விழுந்து தம்பி மருள்நீக்கியார் அழுதார். அந்தத் தம்பிக்காகவே அவர் உயிர் தாங்கினார்.

யாருக்காக உயிர் தாங்கினாரோ அந்தத் தம்பியும் பின்னாளில் வீட்டை விட்டுச் சென்றார். சமணம் தழுவித் தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே பெரும்புகழ் பெற்றார். தமக்கையோ கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். அங்கே அவர் செய்தவை எளிய பணிகள். விடியுமுன் எழுந்து திருக்கோயிலைப் பெருக்குதல், சாணத்தால் மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல் ஆகியவையே அவை. தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்று இறைவனிடம் பலகாலும் விண்ணப்பம் செய்தார். இறைவன் கனவில் தோன்றி, தம்பிக்குச் சூலைநோய் தந்து ஆட்கொள்வதாக அருளினார் என்பது புராணம்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் கூர்ந்து நோக்கத் தக்கவை.

முதலாவது, திலகவதியார் இறைவனிடம் கேட்டார். உலகத் தேவைகளை இறைவனிடம் கேட்பது இழிவென்று சிலர் கூறுவர். தம்பிக்காகத் தமக்கையும் மகனுக்காகத் தாயும் இறைவனிடம் முறையிடாமல் வேறு யாரிடம் முறையிடுவர்? கேட்பது தவறன்று.

இரண்டாவது, அவருடைய பணி அவருடைய வேண்டுகோளுக்கு விலையாக வைக்கப்படவில்லை. தம்பி வரவில்லை என்பதற்காகத் திருவதிகைக் கோயில் ஒருநாளும் பெருக்கப்படாமல் கிடக்கவில்லை. வேண்டுகோள் ஒருபுறம் இருந்தது. துடைப்பம் ஒருபுறம் இயங்கியது. ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கவில்லை.

மூன்றாவது செய்தியே மிக நுட்பமானது. சூலைநோயால் துடித்த தம்பி ஒருவரும் அறியாமல் இரவில் தமக்கையிடம் வந்து சேர்ந்தார். தமக்கையார் திருநீறு அளித்தார். பின்னர் என்ன செய்தார்? திருப்பள்ளியெழுச்சிக்கு முன்னர்த் தாம் நாள்தோறும் செய்யும் பணிக்காகத் துடைப்பமும் சாணமும் நீர்க்குடமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். தம்பி மீண்டு வந்த நாளுக்கென்று அவர் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் தாம் நடந்து நடந்து தேய்த்த பாதையிலேயே அவரையும் அழைத்துச் சென்றார். தம்பி திரும்பி வந்தபோது நடப்பதற்கு ஒரு பாதை இருந்தது. அப்பாதையை அன்றாடப் பணி உருவாக்கி வைத்திருந்தது.

பின்னாளில் திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தி, தலந்தோறும் சென்று கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கித் தூய்மை செய்தார். அப்பணியைப் பார்க்கும்போது தமக்கையின் துடைப்பம் நினைவுக்கு வராமற் போகாது. திலகவதியார் 63 நாயன்மார் எண்ணிக்கையில் இடம்பெறவில்லை. ஆயினும் அவருடைய விடாத பணி இல்லையேல் திருநாவுக்கரசரைச் சைவ உலகம் பெற்றிருக்குமா என்பது எண்ணத் தக்கது. வீடுகளில் பெயர் தெரியாமல் விளக்கேற்றி வரும் தாய்மார்கள் இவ்வம்மையாரின் வழிவந்தவர்களே.

வருவாய் குறையும்போது

வாழ்க்கை நெருக்கடியில் இறைவனுக்குரிய பங்கே முதலில் வெட்டப்படுகிறது. இதற்கு மறுமொழியாக நிற்பவர் அதிபத்தர். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர் இவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று நாள்தோறும் கடலில் விடுவது இவருடைய நியமம். மீன்வளம் குன்றியது. ஒருநாளைக்கு ஒரே மீன் அகப்படும் நிலையும் வந்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டார். செல்வம் சுருங்கியது, சுற்றம் வாடியது. இறுதியில் பொன்னும் மணியும் பதித்தது போன்றதொரு மீன் அகப்பட்டது. வறுமையில் வாடிய நிலையிலும் அதனையும் கடலில் விட்டார்.

குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இவ்வரலாற்றுக்குப் பொருள் கொள்ளுதல் கூடாது. கடன் வாங்கித் திருவிழா உபயம் செய்ய வேண்டியதுமில்லை. அதிபத்தரின் பெருமை, மீனின் விலையை அளக்காமையில் இருக்கிறது. மீன் மிகுதியாகக் கிடைத்த நாளிலும் ஒன்று. ஒன்றே கிடைத்த நாளிலும் ஒன்று. காலத்துக்கேற்ப அவருடைய வருவாய் மாறியது. அவருடைய உறவு மாறவில்லை. இக்காலத்து அன்பருக்கு அந்த ஒரு மீன் என்பது நாளின் முதல் 5 நிமிடமாக இருக்கலாம். ஓய்வுள்ள நாளிலும் அந்த 5 நிமிடம். ஓயாத நாளிலும் அதே 5 நிமிடம். அளவு சிறிதாயினும் அது தவறாமல் இறைவனுக்குரியதாக இருத்தல் வேண்டும்.

இடமும் பொருளும் இல்லாதபோது

ஆலயம் தொலைவில் இருக்கிறது, வேலை நேரத்துக்கும் பூசை நேரத்துக்கும் பொருத்தமில்லை என்போருக்குத் துணையாக நிற்பவர் பூசலார். திருநின்றவூரைச் சேர்ந்த இவருக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் பொருளில்லை. தேடியும் கிடைக்கவில்லை. ஆதலின் மனத்திலேயே கோயில் எடுக்கத் தொடங்கினார். மனத்திலேயே பொருள் திரட்டி, தச்சரை அமர்த்தி, நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, சிகரம் எழுப்பி, கிணறும் மதிலும் குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் காடவ மன்னன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யவிருந்தான். இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, பூசலார் எடுத்த கோயிலுக்குத் தாம் எழுந்தருள வேண்டியிருப்பதால் வேறு நாள் வைத்துக்கொள்ளுமாறு பணித்தார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து அக்கோயிலைத் தேடியபோதுதான் அது ஓர் ஏழையின் நெஞ்சில் இருப்பது தெரியவந்தது. இன்றும் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயரில் இறைவன் எழுந்தருளியிருக்கிறார்.

பூசலார் மனக்கோயிலை ஒரே நொடியில் கற்பனை செய்து முடிக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அடித்தளம் முதல் மதில் வரையில் முறைப்படி, பொறுமையாக எடுத்தார். மனவழிபாடு என்பது நினைத்தபோது நினைத்து மறப்பதன்று. அதற்கும் ஒழுங்கு உண்டு. கடற்பாலத்து வரிசையில் நிற்பவரும் இரயிலில் கம்பியைப் பிடித்து நிற்பவரும் தாம் அறிந்த கோயிலின் கோபுரத்தையும் கொடிமரத்தையும் கருவறை விளக்கையும் வரிசையாக நெஞ்சில் கொண்டுவந்து வழிபட முடியும். இதற்குக் கட்டணமில்லை; எவருடைய அனுமதியும் தேவையில்லை. மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டுவோர் மட்டும் சாலையிலேயே கருத்தை வைத்து, வண்டி நின்றபின் இதனைச் செய்தல் நன்று.

கோபம் வரும்போது

பக்தர்கள் இறைவன்மேல் கோபம் கொள்ளலாமா? கொள்ளலாம் என்பதற்குச் சுந்தரர் சான்று. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து மணந்த அவர், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து அச்சூளை மறந்து புறப்பட்டார். ஊரின் எல்லையைக் கடந்ததும் இரு கண்ணும் ஒளியிழந்தன. தவறு தம்முடையதே என்பதை அவர் அறிவார். ஆயினும் தோழனாகிய இறைவனிடம் அவர் வருந்திப் பாடினார், நொந்து பாடினார், உரிமையோடு முறையிட்டும் பாடினார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது.

சுந்தரர் கோபத்தில் வீட்டில் அமர்ந்துவிடவில்லை. கண் தெரியாத நிலையிலும் தலந்தோறும் நடந்தார். முதல் தலத்தில் கேட்டது கண், கிடைத்ததோ ஊன்றுகோல். அந்தக் கோலை வீசியெறிந்துவிட்டு அவர் திரும்பியிருந்தால் காஞ்சி வரையில் நடந்திருக்க இயலாது. வாழ்க்கைத் துன்பத்தில் இறைவனிடம் கேட்கும் பலருக்கும் முதலில் கிடைப்பது கண்ணன்று, கோலே. அடுத்த நாளைக் கடக்கும் அளவுக்கு மனவலிமை, உதவிக்கு வரும் ஓர் அண்டை வீட்டார், கடனுக்குக் கிடைக்கும் ஒரு மாதத் தவணை ஆகியவை ஊன்றுகோல்களே. அவற்றை அருள் என்று அறிந்து ஊன்றி நடப்பவருக்கே வழி நீளும்.

தோட்டத்து முன்னோர் காட்டிய வழி

இவையெல்லாம் புராண காலத்துக்கே பொருந்தும் என்று கருத வேண்டியதில்லை. இந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர், இருள் விலகுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரம் வெட்டச் சென்றவர்கள். ஓய்வு என்பதை அறியாதவர்கள். லயத்து வீட்டில் பூசையறைக்கென்று தனியிடம் இல்லாதவர்கள். ஆயினும் தோட்டந்தோறும் மாரியம்மனுக்கும் முனீஸ்வரருக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பினர். அவர்கள் எழுப்பிய சிறு கோயில்களின் வழிவந்தவையே இன்று இந்நாட்டில் இராஜகோபுரத்தோடு நிற்கும் ஆலயங்கள் பலவும். ஓய்வு கிடைத்தபின் இறைவனை நினைக்கலாம் என்று அவர்கள் காத்திருந்தால் இந்நாட்டில் பல ஆலயங்கள் எழுந்திரா. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர்கள் பலவற்றை இழந்தனர், பலவற்றைப் பெற்றனர். விளக்கை மட்டும் இழந்துவிடலாகாது.

செய்யத் தக்கவை

உறவு பேச்சினால் வளர்வதன்று, பழக்கத்தினால் வளர்வது. ஆதலின் ஒவ்வோர் அன்பரும் தம் நிலைக்கேற்பச் சில நியமங்களை அமைத்துக்கொள்ளுதல் நன்று.

ஒரு நேரத்தை வரையறுத்தல் வேண்டும். அது அதிகாலையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரவு வேலை செய்பவருக்கு மாலையே விடியல். வேலைக்குப் புறப்படுமுன் விளக்கேற்றித் திருநீறு அணிந்து சில நிமிடங்கள் நின்றால் போதும். பெரிய நியமத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாதத்தில் கைவிடுவதிலும், சிறிய நியமத்தை ஆயுள் முழுவதும் காப்பது மேலானது.

இறைவனிடம் தாய்மொழியில், தம் சொந்தச் சொற்களில் பேசுதல் வேண்டும். திருமுறை ஓதுதல் இன்றியமையாதது. நாயன்மார் இறைவனோடு பேசிய பேச்சே அது. அதனோடு அன்றைய நாளின் மகிழ்ச்சியையும் கவலையையும் ஒரு வாக்கியத்திலேனும் இறைவனிடம் கூறப் பழகினால் வழிபாடு சடங்காகச் சுருங்காது.

செய்யும் தொழிலை இறைபணியாகக் கருதுதல் வேண்டும். அலுவலக முகப்பில் வந்து நிற்கும் முதியவரைக் கடுஞ்சொல் கூறாமல் கவனிப்பதும், நோயாளியின் படுக்கையை மாற்றுவதும், பிறர் குழந்தைக்குப் பொறுமையாகப் பாடம் சொல்லித் தருவதும் வழிபாட்டின் நீட்சியே.

ஆலயத்துக்கு வரும்போது அர்ச்சனைச் சீட்டு வாங்குவதோடு ஏதேனும் ஒரு பணியும் செய்தல் வேண்டும். மாதம் ஒருமுறை ஆலய வளாகத்தைக் கூட்டுவதும், அன்னதானத்தின்பின் பாத்திரம் கழுவுவதும் உழவாரப் பணியே. பிள்ளைகளை உடன் அழைத்து வந்து செய்வித்தால் தேவார வகுப்பு கற்பிக்காத ஒன்றையும் அவர்கள் கற்பர். நேர்த்திக்கடன் வைப்போர் அதனை விலையாக எண்ணாமல் நன்றியாக எண்ணுதல் வேண்டும்.

ஒன்றை மறத்தலாகாது. மருத்துவரை நாட வேண்டிய நோய்க்கு மருத்துவரை நாடுவதே முறை. மனம் தாங்க முடியாத சோர்வில் அமிழ்ந்தோர், பிரார்த்தனையோடு மருத்துவ உதவியையும் ஆலோசனையையும் தயங்காமல் பெறுதல் வேண்டும். அவ்வுதவியும் இறைவன் நீட்டும் ஊன்றுகோலே.

அணையாத விளக்கு

விளக்கேற்றுவதை நிறுத்திய தாயிடம் இனி என்ன கூறுவது? மகன் நாளையே திரும்புவான் என்று கூற எவருக்கும் அதிகாரமில்லை. மீண்டும் பால்குடம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவதும் நேர்மையாகாது. ஆனால் அவர் இன்றிரவு வேலைக்குப் புறப்படுமுன் சாமி மேடையில் ஒரு திரியை ஏற்றலாம். "முருகா, உன்மேல் எனக்குக் கோபந்தான். ஆனாலும் விளக்கை ஏற்றிவிட்டுப் போகிறேன்" என்று கூறலாம். வேலவன் அச்சொல்லைக் குற்றமாகக் கொள்ள மாட்டான். மனதில் உள்ளதை மறைத்துக் கூறும் 100 போற்றிகளினும் இந்த ஒரு வாக்கியத்தில் உறவு மிகுதி.

நாளை மறுபடியும் ஒரு திரி. அதற்கு மறுநாளும் ஒரு திரி. நாட்கள் செல்லச் செல்ல அந்தச் சிறுவிளக்கு மகனுக்காக மட்டும் எரிவதன்று, தாயையும் தாங்கி நிற்பது என்பதை அவர் உணர்வார். மகன் என்றேனும் ஓர் இரவில், தருமசேனர் வந்ததுபோல் ஒருவரும் அறியாமல் வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருள் இராது. திருநீறு எடுத்துக் கொடுக்க ஒரு கை இருக்கும். அழைத்துச் செல்ல ஒரு பாதை இருக்கும்.

மெய்யன்பர்களே! இன்னும் சில நாட்களில் இத்திருவிழாக் கொடி இறங்கும். பந்தல் பிரிக்கப்படும். அதன் மறுநாள் காலையில் வீட்டில் ஏற்றப்படும் விளக்கே இவ்வாண்டுத் திருவிழாவின் உண்மையான நிறைவாகும். எல்லாம் வல்ல இறைவன், உழைத்துக் களைத்த உள்ளங்கள் அனைத்திலும் அவ்விளக்கை அணையாது காத்தருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.